அப்பாகிட்ட சொல்லிடு

"மனசு விட்டுப் பேசுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று எரிச்சல் வருகிறது. மருத்துவர் சொல்கிறார், டிவியில் வரும் ஆலோசகர் சொல்கிறார், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தூரத்துச் சொந்தமும் சொல்கிறது. அறிவுரையில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஏதோ நம் வீடுகளில் பேச்சுக்குப் பஞ்சம் வந்துவிட்ட மாதிரியும், எல்லோரும் வாயைத் திறந்துவிட்டால் போதும் என்கிற மாதிரியும் அதைச் சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை. அப்பாவைப் பற்றி அண்ணன் என்னிடம் பேசுவான், ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் போன் சூடாகும் வரைக்கும். அண்ணனைப் பற்றி அப்பா என்னிடம் பேசுவார், காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது. இருவரும் மனசு விட்டுத்தான் பேசினார்கள், அழுதுகூட இருக்கிறார்கள். ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரியவே இல்லை, அவ்வளவுதான். எல்லாம் என்னிடமே வந்து நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுச் சண்டை ரொம்ப சாதாரணமானது. கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. அப்பா கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் இரண்டு ரூம் எடுக்கலாம் என்று சென்னையிலிருந்து அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் அனுப்பினான். அந்த நேரத்தில் சித்தப்பாவுக்கு ஒரு நெருக்கடி வர, அப்பா அந்தப் பணத்தை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார். அண்ணனுக்கு இது தெரிய வந்தது ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மூலமாக. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்பது அவன் தரப்பு. "என் தம்பிக்குக் குடுக்க நான் இவன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்பது அப்பா தரப்பு. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான், ஆனால் இரண்டையும் எதிராளியிடம் யாரும் கேட்கவே இல்லை. பணம் போனதைவிட அதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்க வேண்டி வந்ததுதான் அண்ணனுக்கு வலி. அந்த வலியையும் அவன் மூன்றாம் மனிதர் வழியாகத்தான் அனுப்பினான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பேச்சுவார்த்தை இல்லை என்றால் வீடு நின்றுபோய்விடும் என்று நினைக்காதீர்கள். எல்லாம் நடக்கும். தீபாவளிக்கு வேட்டி வரும், பொங்கலுக்கு அண்ணன் குடும்பத்தோடு ஊருக்கு வருவான், அப்பா சந்தைக்குப் போய் அவனுக்குப் பிடித்த நாட்டுக் கத்தரிக்காய் வாங்கி வருவார். அவன் ஹாலில் உட்கார்ந்திருப்பான், இவர் திண்ணையில். நடுவில் ஒரு கதவு, அதுவும் திறந்தேதான் இருக்கும்.

ஜாடையாகப் பேசும் வீடு

இதைத் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "காபி ஆறுதுன்னு உங்க தாத்தாகிட்ட சொல்லு" என்று அண்ணன் என் மகளிடம் சொல்வான். தாத்தா ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார், காதும் நன்றாகக் கேட்கும். "எனக்கு வேணும்னா நான் எடுத்துக் குடிச்சுக்குவேன்னு சொல்லும்மா" என்பார் அவர். குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கும். முதலில் அதற்கு இது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அவளே, யாரும் சொல்லச் சொல்லாமலேயே, "மாமா உங்க மேல கோவமா இல்ல தாத்தா" என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு அப்போது யூகேஜி வயசு. பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த வேலை எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும்.

தூது விடுவது நமக்குப் புதிதில்லை. ஊடலில் இருக்கும் தலைவிக்கும் தலைவனுக்கும் நடுவே யார் யார் போய்ப் பேசலாம் என்று தொல்காப்பியம் கற்பியலில் ஒரு பட்டியலே இருக்கிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விறலியர் என்று போய், வீட்டுக்கு வந்த விருந்தினர்வரை பன்னிரண்டு வகையான ஆட்கள். வாயில்கள் என்று பெயர். தூது வந்தவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் 'வாயில் மறுத்தல்' துறையில் எத்தனையோ பாட்டுகள் இருக்கின்றன. தலைவியின் கோபம், தலைவனின் தவிப்பு எல்லாவற்றுக்கும் உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடந்து, இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொண்ட அந்தப் பாணன் அன்றைக்கு ராத்திரி தூங்கினானா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவனுக்காவது அது தொழில்.

எங்கள் வீட்டில் அம்மாதான் அந்த வேலையைப் பார்த்தாள். அதில் அவள் கெட்டிக்காரி என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா, "வந்தா வரட்டும், வரலைன்னா போகட்டும்" என்று சொன்னால், அண்ணனுக்குப் போன் போட்டு, "அப்பா உன்னைத்தான்டா எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு" என்பாள். அண்ணன் கோபத்தில் கத்தியதில் நாலில் ஒரு பங்குதான் அப்பா காதுக்குப் போகும், அதுவும் இவளிடமிருந்து சர்க்கரை தடவி. இருவருமே அம்மா சொன்ன அப்பாவோடும் அம்மா சொன்ன அண்ணனோடும்தான் உறவில் இருந்தார்கள். இந்த நல்ல பொய்களை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் அவளுடையது, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளாமல். அவளுக்கு பிபி மாத்திரை ஒன்று இரண்டானது, தூக்கம் கெட்டது, ராத்திரி எழுந்து சமையலறையில் பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். மருத்துவரிடம் போனால், "டென்ஷனைக் குறைங்கம்மா" என்பார். அது யாருடைய டென்ஷன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரே அவளைப் பொறுமைசாலி என்றது.

அம்மா போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அப்பா, "அவன் எத்தனை மணிக்குக் கிளம்புறானாம்?" என்று என்னிடம் கேட்டார். அண்ணன் பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னேன். அவ்வளவுதான், பதவியேற்பு முடிந்தது. பெண் பிள்ளைக்குத்தான் இது வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால்கூட எனக்குத்தான் வந்திருக்கும்.

மூன்றாவது ஆள்

எனக்கு என்ன ஆகிறது என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. போனில் 'அப்பா' என்று பெயர் வந்தால் வயிற்றில் ஒரு பிடிப்பு. 'அண்ணன்' என்று வந்தாலும் அதே பிடிப்பு. அவர்கள் இருவரும் பேசி முடித்து, பாரம் இறங்கின குரலில் "சரி வைக்கட்டுமா" என்று வைத்துவிடுவார்கள், நான் மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டிருப்பேன். ஆபீசில் கணக்கு போடும்போது அண்ணனிடம் எந்த வார்த்தையில் சொல்லலாம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு ஆலோசகரிடம் போனபோது அவர் என் கல்யாண வாழ்க்கையைப் பற்றித்தான் முதலில் கேட்டார், அது ஒன்றும் மோசமில்லை என்றேன். பிறகு ஒரு தாளில் மூன்று புள்ளி வைத்து, கோடு போட்டு, "இதுல கோடு இல்லாத பக்கம் எது?" என்று கேட்டார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் கோடு இல்லை. இரண்டு கோடும் என் புள்ளியிலிருந்துதான் கிளம்பின.

அவர் சொல்லித்தான் மர்ரே போவன் என்கிற அமெரிக்க மனநல மருத்துவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1954 முதல் 1959 வரை பெதஸ்தாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில், நோயாளியை மட்டுமல்லாமல் குடும்பத்தையே வார்டில் தங்க வைத்துக் கவனித்தவர். இரண்டு பேருக்கு நடுவில் பதற்றம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் அவர்கள் தன்னையறியாமல் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள், இழுத்ததும் அந்த இருவருக்கும் கொஞ்சம் நிம்மதி வந்துவிடும், அந்த நிம்மதியே பிரச்சினை தீராமல் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கண்டது. முக்கோணம் என்று அதற்குப் பெயர் வைத்தார். எனக்கு இந்தக் கோட்பாட்டைவிட அவர் செய்த ஒரு காரியம்தான் பிடித்தது. 1967-இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்த குடும்ப ஆய்வாளர்கள் எல்லாம் அவர் கோட்பாடு பேசுவார் என்று காத்திருக்க, அவர் டென்னசியில் வேவர்லி என்கிற சின்ன ஊரில் இருந்த தன் சொந்தக் குடும்பத்துக்குள் எப்படி நுழைந்து எப்படி வெளியே வந்தார் என்று பேசினார். தன் சகோதரனைப் பற்றி மற்றவர்கள் தன்னிடம் சொன்ன கதைகளை எல்லாம் அந்தச் சகோதரனுக்கே கடிதமாக எழுதிப் போட்டிருக்கிறார், 'உன்னைப் பத்தி இப்படியெல்லாம் பேச்சு அடிபடுது' என்று. குடும்பமே கொந்தளித்ததாம். அந்தப் பேச்சு 1972-இல் அச்சானபோது அவர் பெயர்கூடப் போடவில்லை. நம்மூரில் இந்த மாதிரி ஒரு கடிதம் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது.

இன்னொரு ஆராய்ச்சியும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்கிற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைக் கவனித்தார். வாடகை அறையில் தங்கியவர்களையும் உடன்பிறந்தவர்களோடு இருந்தவர்களையும்விட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. பிறகு அவரும் அவரைத் தொடர்ந்தவர்களும் வீட்டாரின் பேச்சையே அளக்க ஆரம்பித்தார்கள். எப்படித் தெரியுமா? நோயாளி இல்லாதபோது, அவரைப் பற்றி வீட்டாரைத் தனியாகப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதில் எத்தனை குறை சொல்கிறார்கள், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று எண்ணினார்கள். 1976-இல் வான், லெஃப் இருவரும் செய்த ஆய்வில் ஆறோ அதற்கு மேலோ குறைகள் வந்தால் அந்த வீட்டில் ஆபத்து அதிகம் என்று கணக்கு. எதிரில் இருக்கும்போது பேசியதை வைத்து அல்ல, இல்லாதபோது மூன்றாவது ஆளிடம் பேசியதை வைத்தே ஒருவரின் நோய் திரும்புமா என்று ஓரளவு சொல்ல முடிந்திருக்கிறது! எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஆளாக உட்கார்ந்து ராத்திரி பத்து மணிக்கு எண்ணியிருந்தால் ஆறு குறை ஐந்தாவது நிமிஷத்திலேயே தாண்டியிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே அளவுகோலைச் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது லண்டன் வீடுகளைவிட அங்கே குறை சொல்வது குறைவாகத்தான் இருந்தது. வீட்டாரையே மருந்தாக்கியவர்களும் இங்கே உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பங்களைத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் இன்றும் வீட்டார் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அங்கே குடும்பத்தைத் திட்டவில்லை, குடும்பம் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள். எனவே, குடும்பம் என்றாலே நோய் என்று நான் சொல்ல வரவில்லை.

அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் திண்ணைக்குப் போவதை நாங்கள் எல்லோரும் வீம்பு என்றே நினைத்தோம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை உட்கார வைத்துச் சண்டை போடச் சொல்லி, நாடித் துடிப்பை அளந்த உளவியலாளர் ஜான் காட்மன், துடிப்பு நிமிஷத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதிலேயே ஏறாது என்கிறார். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு எழுந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வெளியே அமைதி, உள்ளே குதிரை ஓட்டம். அந்த நேரத்தில் விட்டுவிட வேண்டும், உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிஷமாவது ஆகும் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து பேச வேண்டும் என்பதும் அந்த யோசனையில்தான் இருக்கிறது. எங்கள் அப்பா திண்ணைக்குப் போனவர் வருஷக்கணக்கில் திரும்பி வரவில்லை, அவர் திரும்பி வரத் தேவை இல்லாதபடி உள்ளே இருந்து நாங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

ஓடிபி

ஆலோசகர் என்னிடம் செய்யச் சொன்னது ஒரே ஒரு காரியம். சமாதானம் செய்து வைக்க முயற்சி செய்யாதீர்கள் என்றார். செய்தி மட்டும் கொண்டுபோகாதீர்கள், இருவரோடும் உறவை விடாதீர்கள். கேட்கச் சுலபம். அதற்கு ஒரு பெரிய தருணம் வரும், பெரிய வசனம் பேச வேண்டியிருக்கும் என்று நான் தயாராகிக்கொண்டிருந்தேன். வந்தது கேஸ் சிலிண்டர்.

அப்பா வீட்டு கேஸ் இணைப்பு நல்ல நாட்களில் அண்ணன் போன் நம்பரில் பதிவானது. சிலிண்டர் கொண்டு வருபவர் ஓடிபி கேட்பார். அது சென்னையில் அண்ணன் போனுக்கு வரும். அப்பா எனக்குப் போடுவார், நான் அண்ணனுக்குப் போடுவேன், அவன் எண்ணைச் சொல்வான், நான் அப்பாவுக்குச் சொல்வேன். இது வழக்கம், யாருக்கும் வினோதமாகவே படவில்லை. அன்றைக்கு எனக்கு ஆபீசில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. போன் வந்தது. பின்னால் சிலிண்டரைத் தரையில் வைக்கும் சத்தம்.

"ஏம்மா, அந்த நம்பரைக் கேட்டுச் சொல்லு."

"அண்ணனுக்குப் போடுங்கப்பா. அவன் போன்லதானே வந்திருக்கும்."

"நீ கேட்டுச் சொல்லேன்."

"இல்லப்பா. இனிமே நடுவுல நான் கேட்டுச் சொல்றதா இல்ல. இதுவும் சரி, மத்ததும் சரி. உங்க மேல கோவம் இல்ல. சாயங்காலம் நான் கூப்பிடுறேன், பேசலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிலிண்டர்காரர், "சீக்கிரம் சொல்லுங்க சார், வண்டி நிக்குது" என்பது கேட்டது. போன் கட்டானது. எனக்குக் கை நடுங்கியது என்று சொன்னால் நம்ப வேண்டும், ஒரு கேஸ் சிலிண்டருக்காக. எதிரில் தணிக்கையாளர் வவுச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் இங்கே மனதுக்குள், அப்பா சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார், ராத்திரி சோறு எப்படி ஆகும், அத்தை வீட்டில் சொல்லி அனுப்பலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா இருந்திருந்தால் இதற்குள் நாலு போன் போட்டிருப்பாள்.

அண்ணன்தான் பிறகு சொன்னான். அவன் மீட்டிங்கில் இருந்திருக்கிறான். திரையில் 'அப்பா' என்று வந்ததும் அவனுக்கு முதலில் தோன்றியது, அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, வேறு யாரோ அவர் போனில் இருந்து கூப்பிடுகிறார்கள் என்பதுதான். வெளியே ஓடி வந்து எடுத்திருக்கிறான். "கேஸ் நம்பர்" என்றாராம் அப்பா. இவன் மெசேஜைத் தேடி நாலு இலக்கத்தையும் சொல்லியிருக்கிறான். அவர் அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லியிருக்கிறார், சிலிண்டர்காரருக்கா இவனுக்கா தெரியாது. "சரி" என்று வைத்துவிட்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது நாலு எண்கள். "குரல் ரொம்ப வயசான மாதிரி இருந்துச்சு" என்றான் அண்ணன். என் வழியாகப் போன எந்தச் செய்தியிலும் அப்பாவின் குரல் போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபத்தையும் கொண்டுபோயிருக்கிறேன், பாசத்தையும் கூட்டிக் குறைத்துக் கொண்டுபோயிருக்கிறேன். வயசானதை எப்படிக் கொண்டுபோக முடியும்?

பேச ஒன்றும் இல்லை

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத ஆசைதான். அத்தை போன் போட்டார். "பொண்ணு நீயே இப்படிக் கைவிட்டா எப்படி? உங்கம்மா இருந்தா செய்வாளா?" என்றார். செய்திருக்க மாட்டாள் அத்தை, அதனால்தான் சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அண்ணனும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டான். "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்பான், "அவரையே கேளேன்" என்பேன், "உன்கிட்ட ஒண்ணு கேட்டா..." என்று இழுத்துவிட்டு வைப்பான். நடுவில் இருப்பவர் விலகினால் இருவரும் ஒன்று சேர்ந்து அவரைப் பழைய இடத்துக்கே தள்ளுவார்கள் என்று போவன் எச்சரித்திருந்தார். தெரிந்திருந்தும் வலித்தது.

ஆனால் நான் எதிர்பார்க்காதது வேறு. சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டால் எங்களுக்குப் பேச ஒன்றுமே இல்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அத்தனை வருஷமும் நானும் அப்பாவும் அண்ணனைத்தான் பேசியிருக்கிறோம். அவனை எடுத்துவிட்டால் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலியிடம், முன்பு வயிற்றில் இருந்த பிடிப்பைவிட மோசமாக இருந்தது சில நாள். விடாமல் போட்டேன். ஒருநாள் டிவியில் புயல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பற்றிக் கேட்டேன். அவர் 1977 நவம்பர் புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாகப்பட்டினம் பக்கம் சங்க வேலையாகப் போய் மாட்டிக்கொண்டது, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரி முழுக்க நின்றது, விடிந்து பார்த்தால் சாலையில் தென்னை மரங்களாகக் கிடந்தது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டே நடந்து வந்தது. அவர் மகளாக இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாது. இடையிடையே வரும் "அவன்" இல்லாமல் அப்பா பேசி நான் கேட்டது அப்போதுதான்.

ஒரு விஷயத்தில் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். மனக்குறையை இன்னொருவரிடம் சொல்லவே கூடாது என்பதில்லை. சிநேகிதியிடம் கொட்டலாம், ஆலோசகரிடம் கொட்டலாம், யாரும் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். கேட்பவர் அந்தச் சண்டைக்கு வெளியே இருக்கிறார், சொல்லி முடித்த பிறகு அதை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சொல்லிவிட்டு, பேச வேண்டியவரிடம் பேசத் தெம்பு வருகிறதா, அல்லது இனி பேசவே வேண்டாம் என்கிற அளவுக்கு ஆறிவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அண்ணனுக்கு என்னிடம் பேசி முடித்தால் எப்போதும் ஆறிவிடும். அதேபோல் அடிதடி நடக்கும் வீட்டில், "நீங்களே நேரா பேசித் தீர்த்துக்குங்க" என்று விலகிப்போவது கொடுமை. அங்கே நடுவில் ஆள் வேண்டும், பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் போட வேண்டும். நான் சொல்வதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்து பயப்படாத, வீம்பு மட்டுமே இருக்கிற வீடுகளைப் பற்றி.

வீட்டில் என் கணவரிடமும் இதைச் சொன்னேன், மகள் வழியாகச் செய்தி அனுப்புவது இனி கிடையாது என்று. "அப்பாகிட்ட சொல்லு, கரண்ட் பில் கட்டலைன்னு" என்பது எவ்வளவு சாதாரணமாக வாயில் வருகிறது என்பது நிறுத்திப் பார்த்தால்தான் தெரிகிறது. இப்போது அடுத்த அறைக்கு எழுந்து போய்ச் சொல்கிறேன். சண்டை கொஞ்சம் அதிகமாகியிருக்கிறது, உண்மையைச் சொன்னால்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வந்தபோது அண்ணன் லீவு போட்டுக்கொண்டு வந்தான். நான் அழைக்கவில்லை, தேதியை அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராண்டாவில் எந்த லென்ஸ் வைப்பது என்று இருவருக்கும் சண்டை. இருப்பதிலேயே விலை குறைந்தது போதும் என்கிறார் அப்பா, வெளிநாட்டு லென்ஸ்தான் என்கிறான் இவன். "கண்ணு என்னோடது" என்றார். "அந்தக் கண்ணைக் கூட்டிக்கிட்டு அலையறது நாங்கதானே" என்றான். "உன்னை யாரு அலையச் சொன்னா?" நர்ஸ் வந்து சத்தம் போடாதீங்க என்று சொல்லும் அளவுக்குப் போனது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் என்ன சொல்கிறேன் என்று. பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று கேண்டீனுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது நடுவாந்திரமான விலையில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள், இருவருக்குமே திருப்தி இல்லை.

சித்தப்பாவுக்குக் கொடுத்த பணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அன்று ஊருக்குக் கிளம்பும்போது அண்ணன், "அதைப் பத்தி அப்பாகிட்ட கேக்கலாமா?" என்றான். உனக்குக் கேட்க வேண்டும் என்றிருந்தால் கேள், எப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்காதே என்றேன். பொங்கலுக்கு வந்தான், இருவரும் கொல்லைப்பக்கம் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பேசினார்களா, மோட்டாரை மட்டும் பார்த்தார்களா என்று தெரியவில்லை. இருவருமே என்னிடம் சொல்லவில்லை.